கறிக்கோழிக்கு நார் பகையா? தவிடு சொல்லும் வரலாறு



தாமல் ஏரித் தண்ணீரில் நெல் பயிர் செய்கிறவர்களுக்கும், உத்திரமேரூர் பக்கத்து ஏரிப் பாசனக்காரர்களுக்கும் தவிட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்லவேண்டியது இல்லை. நெல்லை அரைத்தால் அரிசி நமக்கு, தவிடு மாட்டுக்கு, நொய்யும் ஒரு பிடி தவிடும் கோழிக்கு, உமி அடுப்புக்கு. இது நம்ம வீட்டுக் கணக்கு. இந்தக் கணக்கிலேயே நாட்டுக்கோழி வளர்ந்தது, முட்டை இட்டது, விருந்தாளி வந்தால் குழம்பும் ஆனது.

ஆனால் அதே தவிட்டைக் கறிக்கோழிக் கொட்டகையில் தாராளமாகப் போட்டால் என்ன ஆகிறது? கோழி தின்கிறது, எடை மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. மாட்டுக்கு ஆகிற தவிடு, நாட்டுக்கோழிக்கு ஆகிற தவிடு, கறிக்கோழிக்கு மட்டும் ஏன் ஆகவில்லை? "தவிட்டில் நார் அதிகம், கோழிக்கு நார் ஆகாது" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி விளங்குவதற்கு விஞ்ஞானிகளுக்கே நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், மூட்டைத் தீவனத்தில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பது நமக்கே புரிந்துவிடும்.

மாட்டுக்காகப் பிறந்த கணக்கு

தீவன மூட்டையின் மேல் "நார்ச்சத்து அதிகபட்சம் இத்தனை சதவீதம்" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கணக்கு பிறந்தது ஜெர்மனி தேசத்தில். கோட்டிங்கன் நகரத்துக்குப் பக்கத்தில் வேண்டே என்ற இடத்தில் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே ஹென்னபெர்க், ஸ்டோமான் என்ற இருவர் 1860-களில் தீவனத்தைப் பகுத்துப் பார்க்க ஒரு முறையை வகுத்தார்கள்.

முறை சுலபமானது. தீவனத்தைப் பொடி செய்து முதலில் லேசான அமிலத்தில் கொதிக்க வைக்கவேண்டும். பிறகு லேசான காரத்தில் கொதிக்க வைக்கவேண்டும். இரண்டிலும் கரையாமல் நிற்கிற சக்கையை உலர்த்தி எடை போட்டு, அதை எரித்தால் வரும் சாம்பலின் எடையைக் கழிக்கவேண்டும். மீதிதான் கச்சா நார். அமிலத்திலும் காரத்திலும் கரையாதது வயிற்றிலும் கரையாது என்பது அவர்களுடைய எண்ணம்.

இந்த முறை பிறந்ததே மாட்டுத் தீவனத்துக்காகத்தான். பிற்பாடு அதே அளவுகோலைக் கோழிக்கும் எடுத்துப் போட்டார்கள். மாடு எங்கே, கோழி எங்கே? மாட்டின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வைக்கோலைக்கூட அவை புளிக்கவைத்துச் சத்தாக மாற்றிக் கொடுத்துவிடும். கோழிக்கு அப்படி ஒரு பெருவயிறு கிடையாது. குடலின் கடைசியில் இரண்டு குருட்டுக்குடல்கள் உண்டு. அங்கே கொஞ்சம் புளிப்பு வேலை நடக்கும், அவ்வளவுதான். கறிக்கோழி தின்ற தீவனம் ஒரு சில மணி நேரத்தில் எச்சமாக வெளியே வந்துவிடுகிறது. அந்த அவசரத்தில் உமியிலும் சக்கையிலும் இருந்து அது என்ன சத்தை எடுக்கமுடியும்?

தவிடு வெறும் நார் அல்ல

அப்படியானால் தவிடு கோழிக்கு வேண்டாத குப்பையா? அதுவும் இல்லை. தவிட்டின் பெருமையை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்ததே கோழிதான்.

1890-களில் ஜாவா தீவில் பெரிபெரி என்ற நோய் மனிதர்களைப் பிடித்து ஆட்டியது. கால் விழுந்து, இதயம் தளர்ந்து செத்துப்போனார்கள். அதை ஆராய வந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான், தம்முடைய ஆராய்ச்சிக் கோழிகளுக்கும் கால் முடங்குவதைப் பார்த்தார். விசாரித்ததில், தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகளே முடங்கின என்று தெரிந்தது. தீட்டாத அரிசியோ தவிடோ கொடுத்தபோது அவை எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்த அந்தச் சத்துதான் இன்றைக்கு நாம் தயாமின் அல்லது வைட்டமின் பி1 என்று சொல்வது. ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, நல்ல தவிட்டில் வைட்டமின் உண்டு, எண்ணெய் உண்டு, ஓரளவு புரதமும் உண்டு. சிக்கல் எங்கே வந்தது என்றால், தவிட்டோடு சேர்ந்து வந்த உமியில்தான்.

ஹல்லர் தவிடு

உரலில் குத்திய காலத்தில் முறத்தில் புடைத்து உமியைத் தனியாக, தவிட்டைத் தனியாகப் பிரித்தார்கள். பிறகு ஊருக்கு ஊர் ஹல்லர் மில் வந்தது. ஹல்லரில் உமி கழல்வதும் அரிசி தீட்டப்படுவதும் ஒரே உருளையில் ஒரே நேரத்தில் நடக்கும். ஆகவே பொடிந்த உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து விழும். சல்லடையில் சலித்தாலும் பொடி உமி முழுவதும் போகாது. நவீன ஆலையிலோ ரப்பர் உருளைகள் முதலில் உமியை மட்டும் உரித்துத் தள்ளுகின்றன. அதற்குப் பிறகுதான் தீட்டும் இயந்திரத்தில் தவிடு தனியாக வருகிறது. அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த 1958-இல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. ஆலைகளை நவீனமாக்கும் முயற்சி அதற்குப் பின் மெல்ல மெல்லத்தான் ஊருக்குள் வந்தது.

இது கோழிக்காரருக்கு ஏன் முக்கியம்? உமியில் சுமார் 40 சதவீதம் கச்சா நார். அதை எரித்தால் வரும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணல் இனம். சுத்தமான தவிட்டில் நார் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். உமி கலந்த ஹல்லர் தவிட்டில் அதைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் போகும். இரண்டுக்கும் நாம் வைத்திருக்கிற பெயர் ஒன்றுதான், "தவிடு". பெயர் ஒன்றானாலும் சரக்கு வேறு.

கோழியே மாறிப்போனது

இந்த இடைவேளையில் கோழியும் மாறிவிட்டது. அமெரிக்காவில் 1948-இல் "நாளைய கோழி" என்று ஒரு தேசியப் போட்டி வைத்து, நெஞ்சு பருத்து சீக்கிரம் வளரும் கோழி இனத்தைத் தேடினார்கள். அந்த வழியில் வந்த கலப்பினங்கள்தான் பிற்பாடு உலகம் முழுவதும் பரவின. நம் நாட்டில் 1971-இல் டாக்டர் பி.வி. ராவ் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நம் தமிழ்நாட்டில் 1984-இல் உடுமலைப்பேட்டைப் பகுதியில் சுகுணா நிறுவனம் தொடங்கியது. 1990-களில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்க, கொட்டகையும் உழைப்பும் விவசாயி கொடுக்கிற ஒப்பந்த முறை அங்கிருந்து பரவியது. பல்லடம் வட்டாரம் கறிக்கோழிக்கே பேர்போனது.

கோழி எவ்வளவு மாறியது என்பதற்கு அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹேவன்ஸ்டைன் குழுவினர் ஒரு சோதனை செய்து 2003-இல் வெளியிட்டார்கள். 1957-ஆம் வருஷத்துக் கோழி இனத்தைக் கலப்பில்லாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதையும் 2001-ஆம் வருஷத்து இனத்தையும், அந்தந்தக் காலத்துத் தீவனத்தைக் கொடுத்தும், தீவனத்தை மாற்றிக் கொடுத்தும் வளர்த்தார்கள். 42-ஆம் நாள் பழைய தீவனம் தின்ற பழைய கோழி 539 கிராம். புதிய தீவனம் தின்ற புதிய கோழி 2,672 கிராம். ஐந்து மடங்கு! இந்த வளர்ச்சியில் 85 முதல் 90 சதவீதம் இனத்தால் வந்தது, 10 முதல் 15 சதவீதம் தீவனத்தால் வந்தது என்று கணக்குச் சொன்னார்கள்.

"அப்போ தீவனத்துக்குப் பங்கு கொஞ்சம்தானே?" என்று நினைத்துவிடாதீர்கள். இனம் குஞ்சோடு வந்துவிடுகிறது, அதில் நாம் செய்ய ஒன்றும் இல்லை. தட்டில் விழுவதுதான் நம் கையில் இருக்கிறது. மேலும், ஐந்தாறு வாரத்தில் 2 கிலோவைத் தொடவேண்டிய கோழி இது. நாலைந்து மாதம் மேய்ந்து ஒரு கிலோ வருகிற நாட்டுக்கோழியின் அவகாசம் இதற்குக் கிடையாது. அதன் சின்ன வயிற்றில் உமி போய் உட்கார்ந்தால், மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் இடம் இல்லாமல் போகிறது.

எல்லைக் கோடு

இந்தக் காரணத்தால்தான் கோழித் தீவனத்துக்கு அரசாங்கத் தரம் வகுத்தபோது நாருக்கு ஒரு எல்லை கட்டினார்கள். கோழித் தீவனத்துக்கான இந்தியத் தரத்தின் எண் 1374. 1992-ஆம் வருஷத் திருத்தத்தில் கறிக்கோழித் தீவனத்தில் கச்சா நார் 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. 2007-ஆம் வருஷத் திருத்தத்தில் அதை 5 சதவீதமாக இறக்கினார்கள். அதே தரத்தில் முட்டைக்கோழிக்கு 9, 10 சதவீதம் வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். வளர்ந்த கோழிக்கு வயிறும் பெரிது, அவசரமும் குறைவு. நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளில் எண்ணெய் எடுத்த தவிடு சேர்ந்து போவதும், கறிக்கோழித் தீவனத்தில் அது அரிதாக இருப்பதும் இதனால்தான்.

இதுவரை கேட்டால் நார் சுத்தமான பகை என்றுதான் தோன்றும். இனிமேல்தான் கதை திரும்புகிறது.

நாரில் இரண்டு வகை

1960-களில் அமெரிக்காவில் பீட்டர் வான் சோஸ்ட் என்ற விஞ்ஞானி, வேண்டே முறையில் ஓட்டை இருப்பதை எடுத்துக் காட்டினார். அமிலத்திலும் காரத்திலும் கொதிக்க வைக்கும்போது நாரில் ஒரு பகுதியே கரைந்து கணக்கில் வராமல் போய்விடுகிறது. சலவை சோப்பு இனத்தைச் சேர்ந்த கரைசலில் வேகவைத்து அளக்கும் புது முறையை அவர் கொண்டுவந்தார்.

அடுத்த திருப்பம் ஆஸ்திரேலியாவில். கோதுமையில் இருந்து பென்டோசான் என்ற கரையும் நாரைப் பிரித்தெடுத்து, கறிக்கோழித் தீவனத்தில் சேர்த்துப் பார்த்து, சாக்ட், அன்னிசன் என்ற இருவர் 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். கோழியின் வளர்ச்சி குறைந்தது. காரணம், இந்த நார் தண்ணீரில் ஊறிக் கஞ்சிப்பசை மாதிரி குடலில் கொழகொழத்துப் போகிறது. செரிமான நீர் தீவனத்துக்குள் இறங்கமுடியாது, சத்து குடல் சுவரை எட்டாது. எச்சமும் பிசுபிசுப்பாகிக் கூளம் ஈரமாகும். ரை தானியத்திலும் பார்லியிலும் இந்தத் தொல்லை அதிகம். இதற்கு மருந்தாகத்தான் நாரை அறுக்கும் நொதிகளை, அதாவது என்சைம்களை, 1980-களில் இருந்து ஐரோப்பாவில் தீவனத்தில் கலக்க ஆரம்பித்தார்கள். இன்று நம் ஊர்த் தீவன ஆலைகளிலும் என்சைம் சாதாரணமாகிவிட்டது.

ஆக, நாரில் இரண்டு வகை. ஒன்று கரைந்து பசையாகும் நார். இன்னொன்று உமி, தோல், சக்கை போலக் கரையாத நார். கரையாத நார் பசையாவது இல்லை. இடத்தை அடைத்துக்கொள்வதுதான் அதன் குற்றம். அளவாக இருந்தால் அதற்கு ஒரு நல்ல வேலையும் உண்டு என்பது பிறகு தெரியவந்தது.

அரைவைப்பையின் வேலை

கறிக்கடையில் கோழி அறுக்கும்போது, உருண்டையாகக் கெட்டியாக ஒரு பை வரும். அதைக் கீறி உள்ளே இருக்கும் மஞ்சள் தோலை உரித்து எறிந்துவிட்டுக் கொடுப்பார்களே, அதுதான் அரைவைப்பை. கோழிக்குப் பல் கிடையாது. அதன் ஆட்டுக்கல்லும் அம்மியும் இந்தப் பைதான். மேயும் கோழியின் பையைக் கீறினால் சின்னக் கல்லும் மணலும் இருக்கும். சதையும் கனமாக இருக்கும்.

மாவாக அரைத்த தீவனமும், அதை இறுக்கிச் செய்த பெல்லட் தீவனமும் வந்தபின் இந்தப் பைக்கு வேலை இல்லாமல் போனது. ஆட்டுக்கல்லை ஆட்டாமல் வைத்தால் கல் தேயாது. ஆனால் சதையை ஆட்டாமல் வைத்தால் சுருங்கிவிடும். பை சுருங்கினால், தீவனம் அங்கே நின்று அரைபடாமல் நேரே குடலுக்கு ஓடிவிடுகிறது.

நார்வே நாட்டில் ஹெட்லாண்ட், ஸ்விஹுஸ் முதலியவர்கள் 2000-க்குப் பிறகு வந்த வருஷங்களில் ஓட்ஸ் உமியையும் மரச்சீவலையும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அரைவைப்பை பெருத்தது, மாவுச்சத்து நன்றாகச் செரித்தது. ஸ்பெயினில் மாட்ரிட் நகரத்து மாத்தியோஸ் குழுவினர் 2007-இல் வெளியிட்ட சோதனையில், நார் குறைந்த கறிக்கோழித் தீவனத்தில் 3 சதவீதம் ஓட்ஸ் உமியோ சோயாத் தோலோ சேர்த்தபோது செரிமானமும் வளர்ச்சியும் தேறின. அதே குழு 2016-இல் நம்ம நெல் உமியையும் 2.5, 5 சதவீத அளவில் இளங்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. அந்த அளவுக்குள் வளர்ச்சி கெட்டுவிடவில்லை.

கொட்டகையில் ஆழ்கூளமாக உமி பரப்பியிருக்கிறோம். குஞ்சுகள் அதைக் கொத்திக் கொத்தித் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். கெட்ட பழக்கம் என்று நினைக்கவேண்டாம். அரைவைப்பை கேட்கிற வேலையை அது தானே தேடிக்கொள்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"அப்படியானால் மூட்டைத் தீவனத்தில் கொஞ்சம் தவிடு கலந்தால் செலவும் மிச்சம், செரிமானமும் நல்லது" என்று கிளம்பிவிடாதீர்கள். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம்.

நார் 4 சதவீதமும் புரதம் 22 சதவீதமும் உள்ள தீவனம் 90 கிலோ. அதோடு நார் 25 சதவீதம், புரதம் 6 சதவீதம் உள்ள ஹல்லர் தவிடு 10 கிலோ. தீவனத்தில் இருந்து வரும் நார் 3.6 கிலோ, தவிட்டில் இருந்து வருவது 2.5 கிலோ. கூட்டினால் 100 கிலோவில் 6.1 கிலோ நார். தரத்தின் எல்லையான 5-ஐத் தாண்டியாயிற்று. புரதமோ 22-இல் இருந்து 20.4-க்கு இறங்கிவிட்டது. எரிசக்தியும் அதோடு கூடவே இறங்கும். அதைச் சரிக்கட்ட கோழி அதிகம் தின்னப் பார்க்கும். இளங்குஞ்சின் வயிற்றில் அதற்கு இடம் போதாது.

இதைப் பணமாக மாற்றிப் பாருங்கள். 1,000 கோழி, ஒவ்வொன்றும் 2 கிலோ, மொத்தம் 2,000 கிலோ உயிர் எடை. ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம் என்றால் 3,200 கிலோ போதும். அது 1.7 ஆனால் 3,400 கிலோ. புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு எண் ஏறியதில் 200 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை நாலு போச்சு. 5,000 கோழி வைத்திருப்பவருக்கு 20 மூட்டை. ஒப்பந்தப் பண்ணைக்காரருக்கு வளர்ப்புக் கூலியே தீவனம் எடையாக மாறிய கணக்கைப் பார்த்துத்தான் கிடைக்கிறது. தவிட்டில் மிச்சம் பிடித்ததைக் கூலியில் விட்டாயிற்று. "தவிடு தின்னும் அரசனுக்கு முறம் பிடிக்கும் மந்திரி" என்ற கதையாகிவிடும்.

அங்கே வெளிநாட்டில் சோதனை செய்தவர்கள் உமியை அளந்து போட்டார்கள். அரவையின் பருமனையும் அடித்தீவனத்தின் சத்தையும் அளந்து வைத்திருந்தார்கள். கண்ணளவுக்கு அள்ளிப்போடும் தவிட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நாம் செய்யவேண்டியது

ஒன்று. கம்பெனித் தீவனம் வாங்குகிறவர்கள் அதில் எதையும் கலக்கவேண்டாம். அதில் நாரின் அளவு ஏற்கெனவே கணக்குப் பண்ணி வைத்தது.

இரண்டு. சொந்தமாகத் தீவனம் கலக்கிறவர்கள் முதல் மூன்று வாரம் குஞ்சுகளுக்குத் தவிட்டைத் தவிர்ப்பது நல்லது. பிறகு சேர்ப்பதானாலும் உமி கலக்காத நவீன ஆலைத் தவிடாக, புதிதாக, சிறிய அளவில் இருக்கட்டும். எண்ணெய் எடுக்காத தவிடு சில நாளிலேயே சிக்கு வாடை அடிக்கும். வாடை வந்ததைக் கோழிக்குப் போடாதீர்கள்.

மூன்று. மக்காச்சோளத்தை மைய அரைக்கவேண்டாம். கொஞ்சம் கரகரப்பாக உடைத்தால் அரைவைப்பைக்கு வேலை கிடைக்கும். இதற்குக் காசு செலவே இல்லை.

நான்கு. தவிடு வாங்கும்போது ஒரு பிடி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். உமித்துண்டு மேலே மிதக்கும், மணல் அடியில் தங்கும். சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம். நமக்குப் பக்கமாக, செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அங்கே கேட்டால் தீவனக் கலவைக்கு யோசனை சொல்வார்கள்.

ஐந்து. வீட்டில் இருக்கும் ஹல்லர் தவிட்டை வீணாக்கவேண்டாம். மாட்டுக்குக் கொடுங்கள். கொல்லையில் மேயும் வளர்ந்த நாட்டுக்கோழிக்கு நொய்யோடு பிசைந்து ஒரு பிடி வையுங்கள். அவசரம் இல்லாத கோழிக்கு அது ஆகும்.

பெருமக்களே, நாரைப் பகை என்று விரட்டிய காலமும் உண்டு, துணை என்று அழைக்கும் காலமும் வந்திருக்கிறது. இரண்டிலும் மாறாதது ஒன்றுதான். என்ன நார், எவ்வளவு நார், எந்தக் கோழிக்கு என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத் தட்டில் போடுங்கள். கேட்காமல் போட்டால் கோழி வாய் திறந்து சொல்லாது, தராசு சொல்லும்.